என்னையும் வரி கட்ட வையுங்கோ

பொதுச் செலவுகளுக்கு ஒரு பொதுப் பங்களிப்பு இன்றியமையாதது. அது குடிமக்கள் எல்லாரிடையேயும், அவரவர் சக்திக்கு ஏற்ப, சமமாகப் பகிரப்பட வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின்போது எழுதப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் பதின்மூன்றாவது உறுப்புரை இப்படிச் சொல்கிறது. இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் யாரும் அதை நீக்கவில்லை. நீக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை என்பது பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து பார்த்தால் விளங்கும்.

யோகனின் விஷயத்தில் பொருந்தியிருக்க வேண்டிய விதி அதுதான்.

அது ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சிவத்தின் உணவகத்தில் கண்ணாடிக்குப் பக்கத்து மேசை என்னுடையது. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. இருபத்திரண்டு வருடம் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் மற்றவர்களின் வரிப் படிவங்களை நிரப்பிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு, சனிக்கிழமைகளில் சும்மா இருக்கத் தெரியவில்லை. அங்கே போய் இருந்து சனத்தின் கடிதங்களை வாசித்துச் சொல்வேன். படிவம் நிரப்பிக் கொடுப்பேன். நாளடைவில் அந்த மேசையில் வேறு யாராவது இருந்தால் சிவமே அவர்களை எழுப்பிவிடத் தொடங்கினார்.

யோகன் சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான். அங்கே கொத்துரொட்டி போடுபவன். நாற்பது வயது தாண்டியவன். ஏப்ரன் பையிலிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து, மேசையைக் கையால் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தான்.

"அக்கா, இதை ஒருக்கா வாசியுங்கோ. மகள் வாசிச்சுச் சொன்னவள். அவள் பிழையா வாசிச்சிருப்பாள் எண்டு நினைக்கிறன்."

மகள் பிழையாக வாசிக்கவில்லை. அவனுடைய பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் இரண்டு வருடங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அவனுடைய பொருளாதார நலன்களின் மையம் முழுமையாகப் பிரான்சில் இருப்பதாகக் கருத முடியவில்லையாம். வருமானத்தில் ஒரு பங்கு வெளிநாட்டுக்குப் போகிறதாம்.

"ஒத்திவைக்கிறது எண்டால் இல்லை எண்டுதானே?"

"இல்லை எண்டால் இல்லை எண்டே எழுதுவினம். இது இப்ப இல்லை எண்டு."

"எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது. விண்ணப்பம் குடுக்கப் போன பிறெஃபெக்சரிலை, கவுண்டரிலை இருந்த மதாம் என்ரை இம்போ கடதாசியை, வருமான வரிக் கடதாசியை, திருப்பித் திருப்பிப் பாத்தா. 'நீங்கள் வரி கட்டுறேல்லையே' எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன். உண்மைதானே."

அது உண்மையில்லை. ஆனால் அதை நான் அவனுக்கு அதுவரை சொன்னதில்லை.

எல்லா நாடுகளும், ஒன்றைத் தவிர

யோகனுக்கு அந்தக் குடியுரிமை ஏன் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர. அவனுடைய அம்மா யாழ்ப்பாணத்தில். மற்றவர்கள் செய்வது போல இந்தியாவுக்கு அழைத்துப் போய்ப் பார்க்கலாம் என்றால், அவவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. வீட்டுப் படலைக்கு வருவதே ஒரு பயணம். ஆகவே அவன்தான் போக வேண்டும். அதற்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வேண்டும்.

இதை அவன் என்னிடம் விளக்கமாகச் சொன்னதில்லை. ஒருமுறை புத்தகத்தைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தபோது அந்த வரியைக் காட்டி, "இவ்வளவு பெரிய உலகத்திலை ஒண்டே ஒண்டைத்தான் வெட்டியிருக்கினம், பாருங்கோ" என்றான்.

தேத்தண்ணி அதே தேத்தண்ணிதான்

அவன் தெரியாமலே கட்டிய வரியைப் பற்றிச் சொல்ல, அதற்கு இரண்டு வருடம் முந்தைய 2009ஆம் ஆண்டின் கோடைக்குப் போக வேண்டும்.

அந்தக் கோடையில் லா சப்பலில் சிரிப்புக் குறைவு. மே மாதத்தில் ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. கடைகள் திறந்திருந்தன, சனம் வந்தது, மரக்கறி வாங்கியது, போனது. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பைகளோடு நடந்து வருபவர்கள் வழியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள். தொலைபேசி அட்டை விற்கும் கடைகளில் முன்பு இருந்த கூட்டம் இல்லை. எடுக்க வேண்டிய இலக்கங்கள் சிலருக்குக் குறைந்து போயிருந்தன.

அந்த யூலை மாதத்தில்தான் உணவகங்களுக்கான விற்பனை வரியை அரசு பத்தொன்பது புள்ளி ஆறிலிருந்து ஐந்தரை வீதத்துக்கு இறக்கியது. தே.வே.ஆ. என்பார்கள். பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வரி. கட்டுகிறவருக்குக் கட்டுவது தெரியாது என்பதுதான் அதன் சிறப்பு. என் முப்பது வருடப் பாரிஸ் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையான திருட்டை வேறெங்கும் கண்டதில்லை.

முதலாம் திகதி நான் சிவத்தின் கடைக்குப் போய் ஒரு தேநீர் கேட்டேன். அதே விலை.

"சிவம், வரி குறைஞ்சிட்டுது தெரியுமோ?"

"தெரியாமல் என்ன அக்கா. ரேடியோவிலை சொன்னவங்கள்."

"அப்ப தேத்தண்ணி விலை?"

"தேத்தண்ணி அதே தேத்தண்ணிதானே."

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்தக் கோடையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுவாக இருக்கலாம். அதனாலேயே சிவத்தை மன்னித்தேன். மற்றபடி அவர் வாக்குவாதத்துக்கு ஆயத்தமாகத்தான் இருந்தார்.

"நான் சொல்லட்டோ அக்கா, உலகத்திலை நீதியான வரி இதுதான். வருமான வரியை ஒளிக்கலாம். வக்கீல் வைக்கலாம், கணக்காளர் வைக்கலாம், உங்களை மாதிரி ஆக்களை வைக்கலாம். இதை ஒளிக்கேலாது. வாங்கினவன் கட்டத்தான் வேணும். பெரியவனும் கட்டுறான், சின்னவனும் கட்டுறான்."

இதைச் சொன்ன மனிதர் முந்தின மாதம் வரை எல்லா வாடிக்கையாளரிடமும் "இருந்து சாப்பிடுறியளோ, கட்டவோ?" என்று கேட்டவர். காரணம் உபசாரம் அல்ல. இருந்து சாப்பிட்டால் பத்தொன்பது புள்ளி ஆறு, பார்சலுக்கு ஐந்தரை. அந்தக் கடையின் பதிவு இயந்திரத்தை நம்பினால், பல வருடங்களாக அங்கே ஒருவரும் கதிரையில் இருந்து சாப்பிட்டதே இல்லை. கதிரைகள் மட்டும் எப்படியோ தேய்ந்து போயின.

ஆனாலும் அவருடைய வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. பெரியவனும் கட்டுகிறான், சின்னவனும் கட்டுகிறான் என்பது சரி. எதிலிருந்து கட்டுகிறான் என்பதுதான் கேள்வி. யோகன் வாங்கும் சம்பளம் மாத முடிவுக்குள் கடைகளுக்குப் போய்விடும். ஆகவே அதன் பெரும் பகுதிக்கு வரி உண்டு. பெரிய சம்பளக்காரரின் பணத்தில் பாதி வங்கியில் படுத்திருக்கும். படுத்திருக்கும் பணத்துக்குத் தே.வே.ஆ. கிடையாது. வீதம் எல்லாருக்கும் ஒன்று. பாரம் ஒன்றல்ல.

விகிதங்களின் பட்டியலை ஓய்வு நேரத்தில் வாசிப்பவள் நான். வேறு பெண்கள் நாவல் வாசிப்பார்கள். வாத்தின் ஈரலைக் கொழுக்க வைத்துச் செய்யும் பண்டத்துக்கும், தங்க விலைக்கு விற்கும் கறுப்புக் காளானுக்கும் குறைந்த வீதம். குழந்தைக்குக் கட்டும் நப்பிக்கும், வெண்ணெய்க்குப் பதிலாகப் பூசும் மாஜரினுக்கும் முழு வீதம். யோகனின் மகள் பிறந்த வருடத்தில் அவன் கட்டிய வரியில் ஒரு நல்ல பங்கு நப்பி மூலமாகத்தான் குடியரசுக்குப் போயிருக்கும். கடையில் அதை வாங்கும்போது யாரும் அவனிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

பூச்சியம்

இனி என் பங்குக்கு வருகிறேன். சொல்ல அவ்வளவு விருப்பமில்லாத பங்கு.

மே மாதம் என்றால் எனக்கு அறுவடைக்காலம். வருமான வரிப் படிவங்களோடு சனம் வரிசையில் நிற்கும். நான் பணம் வாங்குவதில்லை. ஆகவே அரைக்கிலோ வெண்டிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், நெத்தலிக் கருவாடு என்று மேசைக்கடியில் சேரும். மெத்ரோவில் கருவாட்டோடு வீட்டுக்குப் போவதற்கு ஒரு தைரியம் வேண்டும்; அதையும் பழகிக்கொண்டேன்.

யோகனும் மனைவியும் வேலை செய்தார்கள். அவன் சமையலறையில், அவள் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையில். ஒரு பிள்ளை. அப்படிப்பட்ட குடும்பத்துக்குச் சில நூறு யூரோ வருமான வரி வரும். நான் விடுவேனா? புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து அவன் வேலைக்கு வந்துபோகும் செலவைக் கழித்தேன். பெற்றோரைப் பராமரிக்க அனுப்பும் பணத்தையும் கழிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அம்மாவின் பெயர், முகவரி, உறவுமுறை, பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், பெற்றுக்கொண்டேன் என்று அம்மா வைத்த ஒப்பம். எல்லாவற்றையும் ஒழுங்காக இணைத்தேன்.

ஒவ்வொரு வருடமும் சித்திரையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தபாலுறை வரும். உள்ளே அந்த ஒப்பம். கோடு போட்ட கொப்பித்தாளில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

வரி: பூச்சியம். கோடை முடிவில் கடதாசி வந்ததும் யோகன் ஒரு தட்டு லட்டோடு என் மேசைக்கு வருவான். சிவம் உள்ளே இருந்து கத்துவார், "என்ன, பெடியன் பாஸோ?" கடையிலுள்ள எல்லாரும் கை தட்டுவார்கள். எனக்கும் பெருமைதான். வருடா வருடம் பூச்சியம் வாங்கிக் கொடுத்தவள் நான்.

அந்தப் பூச்சியத்தைத்தான் கவுண்டர் மதாம் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை, சட்டத்தில் இடம் உண்டு என்பதற்காக நானே என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததால்தான், அவனுடைய பணம் வெளிநாட்டுக்குப் போகிறது என்பது அரசுக்குத் தெரிந்தது. ஒரு திணைக்களம் கொடுத்த சலுகையை இன்னொரு திணைக்களம் குற்றமாக வாசித்தது. இரண்டும் தத்தம் விதிப்படியே நடந்தன. விதிகளை எல்லாம் அறிந்த நான் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடிதத்தை வாசித்து முடித்ததும் இதை அவனிடம் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

யோகன் கடிதத்தை மீண்டும் நான்காக மடித்தான். பிறகு, "லட்டு குடுத்தது நான்தானே அக்கா" என்றான்.

ஒரு பை நிறையத் துண்டுகள்

இரண்டு மாதத்துக்குள் அமைச்சருக்கு மேல்முறையீடு செய்யலாம். செய்வோம் என்றேன். அப்போதுதான், அவன் வரி கட்டுகிறவன் என்பதை முதன்முறையாக அவனுக்குச் சொன்னேன். சம்பளத்திலிருந்து நேரே பிடிக்கும் சமூகப் பங்களிப்பு ஒன்று உண்டு. அதற்கு மேலாகக் கடையில் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் கட்டுகிறான். கடையில் தரும் பில் துண்டின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும், பார் என்றேன்.

எனக்கு அது ஒரு தகவல். அவனுக்கு அது வேறு.

அடுத்த சனிக்கிழமை அவன் ஓர் அரிசிப் பையைக் கொண்டுவந்தான். உள்ளே கடைத் துண்டுகள். வீட்டு அலமாரி, மனைவியின் கைப்பை, காற்சட்டைப் பைகள், அயல்வீட்டார் என்று எல்லா இடமும் தேடியிருக்கிறான். வரித் தொகைக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு. அரைவாசித் துண்டுகள் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. அவற்றிலும் குத்துமதிப்பாகக் கோடு போட்டிருந்தான்.

"அயல்வீட்டுக்காரர் வாங்கினதுக்கு நீ எப்பிடியடா வரி கட்டினனீ?"

"அவையளும் கட்டினவைதானே அக்கா. பிறெஃபெக்சருக்குத் தெரியட்டும்."

இதற்கு ஒரு படிவம் இல்லை, இணைப்பு இலக்கம் இல்லை, அதிகாரிகள் சிரிப்பார்கள் என்றேன். சிரித்தால் சிரிக்கட்டும் என்றான். கடைசியில் அவனுடைய துண்டுகளில் வாசிக்கக் கூடியவற்றை மட்டும் பிரதி எடுத்து, மேல்முறையீட்டுடன் ஒரு பக்கம் சேர்த்து எழுதினேன். பதின்மூன்றாவது உறுப்புரையில் தொடங்கினேன். திரு. யோகனின் சக்தி சிறியது. தன் சக்தியில் எந்தப் பங்கை அவர் பொதுச் செலவுக்குக் கொடுக்கிறார் என்று கணக்கிட்டால், அது அவரைவிட வசதியானவர்களின் பங்கைவிடக் குறைந்ததல்ல என்பதைத் தாங்களும் அறிவீர்கள். என் வாழ்நாளில் ஓர் அரச அலுவலகத்துக்கு நான் எழுதிய ஒரே உணர்ச்சிகரமான கடிதம் அது. இன்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. திரும்ப எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன்.

நான்கு மாதம் பதில் இல்லை என்றால் அது நிராகரிப்பு. இதுவும் விதிதான். அரசு ஒரு முத்திரையும் செலவழிக்காமல், 'இல்லை' என்று சொல்லும் முறை. நான்காவது மாதம் முடிந்த நாளன்று நான் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவன் நாட்காட்டியில் எண்ணி வைத்திருந்தான். கொத்துத் தட்டின் சத்தம் அன்று வழமையைவிடப் பலமாகக் கேட்டது.

இரண்டு மே மாதங்கள்

அடுத்த மே மாதம் அவன் என் மேசையில் இருந்தபோது கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அக்கா, என்னையும் வரி கட்ட வையுங்கோ."

வாழ்நாள் முழுவதும் வரியைக் குறைத்தவளிடம் வைக்கும் வேண்டுகோளா இது? ஆனால் சட்டத்தில் கழிக்கலாம் என்றுதான் இருக்கிறது, கழிக்க வேண்டும் என்று இல்லை. பயணச் செலவை விட்டேன். அம்மாவின் பெயர் எழுதும் இடத்துக்கு வந்தபோது பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "வெறுமையா விடுறியளோ?"

"வெறுமையா விட்டால்தான் வரி வரும்."

"அப்ப இஞ்சை எனக்கு அம்மா இல்லை."

"படிவத்திலை மட்டும், யோகன்."

"ஓம், ஓம். படிவத்திலை மட்டும்." கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டான்.

பணம் அனுப்புவதை அவன் நிறுத்தவில்லை. ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. ஒப்பம் மட்டும் கேட்கவில்லை. அதனால்தான் ஒரு சனிக்கிழமை தொலைபேசியை என்னிடம் நீட்டினான். "அம்மா. நான் சொன்னா நம்பிறா இல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

மறுமுனையில் அந்தக் குரல் உறுதியாக இருந்தது. "பிள்ளை, ஏன் இந்த முறை என்ரை ஒப்பம் கேக்கேல்லை? நான் எழுதி வைச்சிருக்கிறன். தம்பிக்கு அங்கை ஏதும் கரைச்சலோ?"

வருமான வரிச் சட்டத்தையும் குடியுரிமைச் சட்டத்தையும் தொலைபேசியில் எப்படி விளக்குவது? "இல்லையம்மா, சட்டம் மாறிப்போச்சு. இந்த வருசம் தேவையில்லை" என்று பொய் சொன்னேன். "அப்ப அடுத்த வருசம் கேப்பினமோ?" என்றா. பார்ப்போம் என்றேன்.

இரண்டாவது மே மாதம் வரி அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி என்னை அழைத்தார். படிவத்தை நிரப்பியது நான் என்று என் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்திருந்தோம்.

"மதாம், முந்தைய வருடங்களில் தாயாருக்கான பராமரிப்புத் தொகை இருந்தது. மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது."

"மறக்கவில்லை, மிஸியே. கேட்கவில்லை."

"ஆனால் அது அவருடைய உரிமை."

"தெரியும். கட்ட விரும்புகிறார்."

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "இதற்கு எங்களிடம் ஒரு குறியீடு இல்லையே" என்றார் பாவம். நல்ல பிள்ளை. அவர் அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லியிருப்பார்.

அந்தக் கோடை முடிவில் வந்த கடதாசியில் பூச்சியம் இல்லை. யோகன் அதையும் லட்டோடுதான் கொண்டுவந்தான். சிவம் வழமை போல உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா, பெயிலோ?"

"ஓம் அண்ணை. பெயில்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கடையில் யாரும் கை தட்டவில்லை.

வியாழக்கிழமை

ஒத்திவைப்புக் காலம் முடிந்ததும் மீண்டும் விண்ணப்பித்தோம். இரண்டு வருடங்களுக்கான வருமான வரிக் கடதாசிகள் மேலே இருந்தன. கடைத் துண்டுகள் வைக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் உணவக வரி ஐந்தரையிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து பத்துக்கும் ஏறியது. இறங்கியபோது அசையாத தேநீர் விலை, ஏறியபோது மிகுந்த கடமையுணர்வோடு இரண்டு தடவையும் ஏறியது. சிவத்திடம் நான் எதுவும் கேட்கவில்லை. சில பதில்களைக் கேள்வி இல்லாமலே வாங்கிக்கொள்ளும் வயது எனக்கு.

ஒரு குளிர்காலம் போனது. கோடை போனது. இன்னொரு குளிர்காலமும் முடியும் நேரம் யோகன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். சனிக்கிழமை அல்லாத நாளில் அவன் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் போனபோது மதியச் சாப்பாட்டுக் கூட்டம் தொடங்கியிருக்கவில்லை. அவன் ஏப்ரனோடு என் கதிரையில் இருந்தான். கடிதம் உடைக்கப்பட்டிருந்தது.

"வாசிச்சனீயோ?"

"வாசிச்சன். எனக்கு விளங்கினது சரியோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

வாசித்தேன். வரியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வருமான வரியும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. பத்தொன்பது வருடமாக ஊர் காணாத ஒருவனைக் குடியரசு தன் குடிமகனாக ஏற்றுக்கொண்டிருந்தது. காரணம் சொல்லவில்லை. இல்லை என்பதற்குத்தான் அவர்கள் காரணம் எழுதுவார்கள்.

"சரிதான் யோகன். உனக்கு விளங்கினது சரி."

அவன் தலையாட்டினான். கடிதத்தை மடித்தான், பிறகு விரித்தான்.

"சிவம் அண்ணையிட்டை எத்தினை நாள் லீவு கேக்கலாம்?"

"ஐஞ்சு கிழமை. சட்டப்படி உன்ரை உரிமை."

"ஐஞ்சு கிழமை அங்கை என்ன செய்யிறது அக்கா? எனக்கு இப்ப அங்கை ஒருத்தரையும் தெரியாது." கொஞ்சம் யோசித்தான். "அம்மாவை மட்டும்தான் தெரியும்."

"அப்ப ஐஞ்சு கிழமையும் அவவோடை இரு" என்றேன்.

சமையலறைக்குள்ளிருந்து சிவம், வெங்காயம் வெட்டியாயிற்றா என்று கத்தினார். யோகன் எழுந்திருக்கவில்லை. அது மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, ஒரு வியாழக்கிழமை.